ஓர் ஆறு, இரண்டு பெயர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டுக் கடந்த பெப்ரவரியில் எமது சங்கம் நடத்திய நான்கு நாள் சுற்றுலாவைப் பற்றி இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்தொரு பேர் போனோம். மூத்தவர் எமது ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 78. இளையவர் ரொறன்ரோவிலிருந்து தாயுடன் வந்த பிள்ளை, வயது 19. நான் மருந்துப் பெட்டியும் கையுமாகப் போனேன். இந்தச் சுற்றுலாவை ஆண்டுதோறும் நடத்துவதா, இத்துடன் விடுவதா என்று செயற்குழு அடுத்த மாதம் முடிவு செய்யப்போகிறது. ஆகவே படம் காட்டிப் பயணக்கதை சொல்லிவிட்டு அமர்வது எனது எண்ணம் அல்ல. ஒரு பக்கம் எடுத்துப் பேச வந்திருக்கிறேன். சுற்றுலா தொடர வேண்டும், ஆனால் இன்னின்ன முறையில் தொடர வேண்டும் என்பதே என் கட்சி.

போவதற்கு முன்னரே எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது உங்களுக்குத் தெரியும். கோயில் குளம் பார்க்க வேண்டும் என்றனர் ஒரு பகுதியினர். யானையும் பறவையும் காட்ட வேண்டும், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அதைத்தான் விரும்புவார்கள் என்றனர் மறு பகுதியினர். பயண முகவர்களும் இப்படி இரண்டு பொதியாகத்தான் விற்கிறார்கள். காடு ஒரு பொதி, மரபுரிமை வேறொரு பொதி. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஓர் ஆற்றைத் தெரிவு செய்தோம்.

ரிட்டிகலைப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்கி அநுராதபுரம் நகரைத் தொட்டு ஓடும்போது அதற்கு மல்வத்து ஓயா என்று பெயர். மன்னாருக்கு வந்து கடலில் சேரும்போது அது அருவியாறு. நீளம் 164 கிலோமீட்டர், மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு. பழைய நூல்கள் இதனைக் கதம்ப நதி என்கின்றன. எனது வயதுக்காரர் உயர்தரம் படித்த காலத்தில் தெற்கே போகும் பாதை பூட்டிக் கிடந்தது. புவியியல் பாடத்தில் இந்த ஆற்றை நீல மையால் கீறிப் புள்ளி வாங்கினோம், தண்ணீரைக் கண்டதில்லை. நாற்பது வயது தாண்டித்தான் அதன் கரையில் நின்றேன். எங்கள் குழுவில் அரைவாசிப் பேருக்கு அதே கதைதான்.

முதல் நாள் அநுராதபுரம். எமது வழிகாட்டி அந்த நகரில் பிறந்து வளர்ந்த சிங்களவர், உரிமம் பெற்றவர். அபயகிரியைக் காட்டும்போது, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாசியன் இங்கு வந்து இரண்டு ஆண்டு தங்கிச் சுவடிகள் திரட்டினார் என்று சொன்னார். 1912இல் இந்த நகரில் கிடைத்த ஒரு கல்லில் சிலுவை செதுக்கப்பட்டிருப்பதையும் சொன்னார். போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாரசீகக் கிறிஸ்தவர்கள் இங்கு இருந்ததற்கு அது சான்று. பிறகு அபயகிரிக்கு அண்மையில் உள்ள ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். அதில் தமிழ்க் குடும்பத்தலைவர்கள் கூடியிருந்த மேடை என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துக் கல்வெட்டு. இது இன்னாருடைய ஆசனம் என்று ஆசனத்துக்கு ஆசனம் பெயர் இருக்கிறது, அவர்களில் ஒருவர் கப்பலோட்டி. பேருந்தில் போகும் சுற்றுலாக்காரர் பொதுவாக இறங்காத இடம் இது. எங்களில் சிலர் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அன்று மாலை மகாபோதிக்கு வெளியே வழிகாட்டி சற்று அமைதியாகிவிட்டார். எமது ரீச்சர்தான் அவரிடம் சிங்களத்தில் கேட்டார், 1985இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. அந்த ஆண்டு மே மாதம் இந்த நகரிலும் மகாபோதி வளவிலும் நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் எமது மொழி பேசியவர்கள். அவர் அப்போது பள்ளிச் சிறுவன். கண்டதைச் சொன்னார், குரலை உயர்த்தாமல் சொன்னார். ரீச்சர் அதை வரிக்கு வரி தமிழில் எங்களுக்குச் சொன்னார். ஒருவரும் இடையில் பேசவில்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரு மூத்த அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, குருவி பாக்க வந்த நாங்கள் ஏன் பழைய புண்ணைக் கிளறுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை இந்தப் பேச்சின் முடிவுக்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

இரண்டாம் நாள் வில்பத்து. ஆற்றுக்குத் தெற்கே 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் காடு, 1938இல் தேசிய பூங்காவானது, போர்க்காலத்தில் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. வில்லுகள் நிறைந்த பற்று என்பதால் அந்தப் பெயர். எங்களுக்குக் கரைதுறைப்பற்று போல. வில்லு என்றால் மழைநீர் தானாகத் தங்கும் பள்ளம். குளத்துக்கு அணைக்கட்டு இருக்கும், வில்லுக்கு இருக்காது. இதைச் சொன்னவர் பூங்காவின் வழித்துணையாக எங்களுடன் ஜீப்பில் வந்த இளைஞர். பாலை மரத்தைக் காட்டி, வைகாசி ஆனியில் பழம் பழுக்கும்போது கரடி மரத்தில் ஏறும் என்றார்.

அன்று சிறுத்தை கிடைக்கவில்லை. வேறு ஜீப்புகள் தொலைபேசியில் செய்தி கேட்டு ஓடின, நாங்கள் ஓடுவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். ஒரு வில்லுக் கரையில் இயந்திரத்தை நிறுத்தி முக்கால் மணி நேரம் இருந்தோம். முதலை ஒன்று மரக்கட்டை போலக் கிடந்தது. புள்ளிமான் கூட்டம் வந்து, அதைக் கண்டு, அரை வட்டமாக விலகி, வேறு பக்கத்தில் தண்ணீர் குடித்தது. சங்குவளை நாரைகள் அசையவே இல்லை. திரும்பி வரும்போது ஒருவருக்கும் சிறுத்தையின் குறை இருக்கவில்லை.

இந்த இடத்தில் வைத்தியர் என்ற முறையில் பெண்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். காட்டுக்குள் கழிப்பிடம் அரிது என்பதால் எங்கள் ஆட்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். பிரஷர் குளிசையையும் அன்று விட்டுவிடுகிறார்கள், அது சிறுநீரைக் கூட்டும் என்று பயந்து. மன்னார், வில்பத்து வெயிலில் இப்படி இருந்தால் தலைச்சுற்று, மயக்கம், இரண்டு நாள் கழித்துச் சிறுநீர்த்தொற்று. எங்கள் குழுவில் மூன்று பேருக்கு இந்தத் தொல்லை தொடங்கியது. அதன் பிறகு காட்டுப் பயணத்தை நான்கு மணி நேரத்துக்குள் முடிப்பது, உள்ளே எங்கே இறங்கலாம் என்பதை முதல் நாளே விசாரித்து எல்லோருக்கும் சொல்வது என்று மாற்றினோம். குளிசையின் நேரத்தை மாற்றலாமா என்பதைப் புறப்படுமுன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு சுற்றுலா பெண்களுக்காக ஒழுங்கு செய்யப்பட்டதா இல்லையா என்பது இதில்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மதவாச்சியால் திரும்பி மன்னார்ப் பாதையில் போனோம். முதலில் மடு. மாதாவின் சொரூபம் முதலில் மாந்தையில் இருந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது, 1670இல், மக்கள் அதனைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். காடு அடைக்கலம் கொடுத்தபடியால்தான் மடு உண்டானது. இன்று ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே மரநிழலில் கூடாரம் அடிக்கிறார்கள், இந்துக்களும் நேர்த்திக்கடனுக்கு வருகிறார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்தார். 1999 நவம்பரில் அதே வளவில் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணை விழுந்து இறந்தார்கள். 2008இல் போர் நெருங்கியபோது சொரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், சில மாதங்களில் திரும்பியது. எங்களுக்கு இதைச் சொன்னவர் அந்த ஊரில் வாழும் ஒரு தாய். அநுராதபுரத்து வழிகாட்டி எங்களுடன் நிலத்தில் அமர்ந்து கேட்டார். முதல் நாள் நாங்கள் கேட்டோம், இன்று அவர் கேட்டார்.

மடு மண் பாம்புக்கடிக்குக் காவல் என்பது ஐதீகம். பலர் ஒரு பிடி மண் முடிந்துகொண்டு போவார்கள். நானும் ஒரு முடிச்சு வாங்கினேன், நம்பிக்கையை நான் தொட மாட்டேன். ஆனால் இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது என்று நாடளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மன்னார்ப் பக்கத்தில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. கடித்தால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட கையை அல்லது காலை அசையாமல் வைத்துக்கொண்டு நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. மண் மடியில் இருக்கட்டும், வாகனம் வைத்தியசாலைக்குப் போகட்டும்.

மடுவிலிருந்து தேக்கம் அணைக்குப் போனோம். சுற்றுலாக் கையேடுகளில் இது பெரும்பாலும் இராது. அருவியாற்றின் நீரை மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்பும் பழைய கல்லணை. 5ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னனுடைய வேலை என்று சொல்லப்படும் அந்தக் குளத்தைச் சிங்களத்தில் யோத வெவ என்கிறார்கள். இன்றும் மன்னாரின் நெல்லுக்கு அதுதான் தண்ணீர். 1954இலிருந்து அது பறவைகள் சரணாலயமும் கூட. குளக்கட்டில் நின்றபோது ரொறன்ரோப் பிள்ளை கேட்டாள், "அன்ரி, அப்ப இது காடா, கட்டினதா?"

எங்கள் பயணம் முழுவதற்கும் அதுதான் கேள்வி. அரிசிக்காக ஒரு மன்னன் வெட்டிய குளத்துக்குப் பறவை வந்தது. ஓடி ஒளிந்த மக்களுக்குக் காடு கோயில் கொடுத்தது. காட்டை ஒரு நாளும் மரபுரிமையை மறுநாளும் காட்டுகிறவருக்கு இந்தக் குளக்கட்டை எந்த நாளில் வைப்பது என்று தெரியாது. எங்களுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை, தண்ணீர் போன வழியில்தானே நாங்களும் போனோம்.

அதே வழியில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவிக் கரை. போர்த்துக்கேயர் இடித்த கோயிலை மீளக் கட்ட வேண்டும் என்று 1872இல் குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். கோயிலைச் சுற்றிய மாந்தை மேடு ஒரு காலத்தில் மாதோட்டத் துறைமுகம். 1980களின் தொடக்கத்தில் இங்கு அகழ்ந்தார்கள், போர் வந்து வேலை நின்றது. அகழ்ந்தெடுத்த தானியங்களையும் வாசனைத் திரவியங்களையும் பற்றிய ஆய்வு 2018இல்தான் வெளிவந்தது. நெல், கோதுமை, மிளகு, அவற்றுடன் சுமார் ஆயிரம் ஆண்டு பழைய ஒரே ஒரு கிராம்பு. கிராம்பு அந்தக் காலத்தில் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அநுராதபுரத்துப் பாறையில் ஆசனம் வைத்திருந்த கப்பலோட்டி எந்தத் துறைக்குப் போய் வந்திருப்பார் என்பதை ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு கூட்டமும் இந்த வழியால் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்தக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்து விழுந்தவர்கள் ஏராளம். எங்கள் பேருந்து இரண்டு மணி நேரத்தில் கடந்த தூரம் அவர்களுக்குப் பல நாள். அவர்களுக்கு இந்த வழியில் ஒரு பெயர்ப்பலகையையும் நான் காணவில்லை. குழுவில் மலையகத்து அக்கா ஒருவர் இருந்தார், எங்கள் விடுதியில் தங்கிப் படித்தவர். பேருந்தின் ஒலிவாங்கியை அவரிடம் கொடுத்தோம். தன் பூட்டியின் கதையைச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்தான் எங்கள் வழிகாட்டி.

காய்ச்சல் என்றவுடன் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அந்த அறிவிப்புக்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். ஆனால் 2016 டிசம்பரில், மன்னார்த் தீவில், அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றுத் தண்ணீரில் பெருகக்கூடிய, மலேரியாவைப் பரப்பக்கூடிய நுளம்பு. நோய்க்கிருமியை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்தால் போதும். ஆகவே இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்விட்டு இங்கு வந்து காய்ச்சல் கண்டால், எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை வைத்தியர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். விருந்தினராக வரும் நாங்கள் அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை அது.

நான்காம் நாள் மன்னார்த் தீவு. விடியற்காலையில் வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேயர், 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம். வடக்கிலிருந்து குளிருக்கு வந்த ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. பூநாரைகள் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. தீவின் தென்கரையில் 2020இலிருந்து சுற்றும் தம்பபவனியின் முப்பது காற்றாலைகளும் தெரிந்தன. பறவைகள் வரும் வழியில் அவை நிற்கின்றன என்றார் ஒருவர், மின்சாரம் வேண்டாமா என்றார் இன்னொருவர், கரையில் எங்கள் படகுக்கு என்ன வழி என்றார் மீன்பிடிப்பவர். மூன்றையும் கேட்டோம், தீர்ப்புச் சொல்லவில்லை. பிறகு 1560இல் போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. பள்ளிமுனையில் பெருக்கமரம், அராபிய வணிகர் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்தது என்று ஊரார் சொல்லும் ஆபிரிக்க மரம், சுற்றளவு ஏறத்தாழ 19 மீட்டர். எங்களில் பன்னிரண்டு பேர் கை கோத்தும் சுற்றி வளைக்க முடியவில்லை.

மதியச் சாப்பாடு எருக்கலம்பிட்டியில். முஸ்லிம் பெண்கள் சிலர் சேர்ந்து சமைத்து வீட்டுத் திண்ணையில் பரிமாறினார்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இந்த ஊரவர்கள் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். பரிமாறியவர்களில் என் வயதுள்ள ஒருவர், புத்தளத்து முகாமில் வளர்ந்து, போர் முடிந்தபின் திரும்பியவர். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சிரித்த முகத்துடன்தான் கேட்டார், "நீங்களெல்லாம் யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அப்ப எங்களைத் தேடினீங்களா?"

ரீச்சர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "எங்கட வகுப்பிலயும் உங்கட பிள்ளையள் இருந்தவை. திரும்பப் பள்ளிக்கூடம் தொடங்கின அண்டைக்கு இடாப்புக் கூப்பிட்டன். நாலு பேருக்கும் பதில் வரேல்லை. அந்தப் பேருகளை நான் வெட்டேல்லை. அந்த இடாப்பு முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டன்."

அந்தப் பெண் எழுந்து ரீச்சருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டார். அதற்கு மேல் பேச்சு இருக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம்.

சாப்பாட்டு மேசையில் அக்கா கேட்ட கேள்விக்கு இனி வருகிறேன். வைத்தியசாலையில் நோயாளியின் உடம்பில் கை வைக்குமுன் நாங்கள் முதலில் வரலாறு கேட்போம். எப்போது தொடங்கியது, முன்னர் என்ன வந்தது, வீட்டில் யாருக்கு என்ன என்று. வலிக்கும் இடத்தைக் கேட்காமல் மருந்து எழுதுகிறவர் வைத்தியர் அல்ல. இந்த ஆற்றங்கரையில் மூன்று இடத்தில் மூன்று சமூகத்துக்கு வலி இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் மற்ற இருவரின் கதை தெரியாது. ஒரே வழிகாட்டியை வைத்து ஒரே கதையைக் கேட்டு வந்திருந்தால் ஓர் ஆற்றின் ஒரு பெயரை மட்டுமே படித்திருப்போம். அதற்கு என் பழைய வரைபடமே போதும். அக்கா, நாங்கள் கிளறவில்லை. அந்தந்த வீட்டுக்காரர் திறந்த கதவால் உள்ளே போனோம். வில்லுக் கரையில் இயந்திரத்தை நிறுத்தி முக்கால் மணி நேரம் சும்மா இருக்கப் பழகியவர்களுக்குத்தான் மனிதர் பேசும்போதும் சும்மா இருக்க வருகிறது. காட்டையும் மனிதரையும் ஒரே பயணத்தில் வைத்ததற்கு அது ஒன்றே போதிய காரணம்.

எங்கள் கடைசி நிறுத்தம் அரிப்பு. கண்டி மன்னனின் நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ஆங்கிலேயன் ரொபேர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில், ஒரு துணையுடன் இந்த ஆற்றின் வழியே தப்பி நடந்து, இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். வழியில் கண்ட கல்தூண்களையும் யானைகளையும் எழுதி வைத்திருக்கிறான். காடும் மரபுரிமையும் கலந்த முதல் சுற்றுலா அதுதான், இரண்டு பேர், வழிகாட்டி இல்லை, சாப்பாடு ஒழுங்கில்லை என்று ஓர் அக்கா சொல்ல எல்லோரும் சிரித்தோம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் சிதைவு கடலோரத்தில் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் கடல் கொஞ்சம் எடுக்கிறது.

இனி என் பிரேரணைகள். செயற்குழு இவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சுற்றுலா ஆண்டுதோறும் நடக்கட்டும், ஆனால் முப்பது பேருக்கு மேல் வேண்டாம். முப்பதுக்கு மேற்பட்டால் வீட்டுத் திண்ணையில் இடம் இராது, விடுதி மண்டபத்துக்குப் போக வேண்டி வரும், பேச்சு நின்றுவிடும்.

இரண்டாவது, ஓர் ஊரை அந்த ஊரவர் காட்ட வேண்டும். அநுராதபுரத்துக்கு ஒருவர், காட்டுக்கு ஒருவர், மடுவுக்கு ஒருவர், தீவுக்கு ஒருவர். அவர்களுக்குரிய சம்பளம் முன்கூட்டியே பேசிக் கொடுக்கப்பட வேண்டும், அன்பளிப்பு என்று கடைசியில் உறையில் திணிப்பதல்ல. முந்தின ஊரின் வழிகாட்டியும் அடுத்த ஊருக்குக் கூட வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்த பெரிய பயன் அது.

மூன்றாவது, ஒவ்வொரு முறையும் கல்லூரியின் உயர்தர மாணவிகள் ஆறு பேர் எங்களுடன் வர வேண்டும், செலவு சங்கத்தினுடையது. கல்லூரியில் விசாரித்தேன். இன்று அங்கு படிக்கும் பிள்ளைகளில் பலர் வில்பத்துவையும் அநுராதபுரத்தையும் கண்டதில்லை. பாதை இப்போது திறந்திருக்கிறது, போகக் காசில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறுகிறது, இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது. நான்கு நாள் ஒரே பேருந்தில் இருந்தால் இருவருக்கும் பயன்.

நான்காவது, புறப்பட இரண்டு கிழமைக்கு முன் எல்லோரும் உடல்நலப் படிவம் நிரப்பித் தர வேண்டும். யாருக்கு இன்சுலின், யாருக்கு முழங்கால் ஏலாது, யார் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பது எனக்கோ எனக்குப் பின் வரும் வைத்தியருக்கோ தெரிந்திருக்க வேண்டும். முழங்கால் ஏலாதவரை விட்டுவிட்டுப் போக அல்ல, அவருக்கும் ஏற்றபடி நாளை ஒழுங்கு செய்ய.

ஐந்தாவதுக்குக் காசு தேவையில்லை. எங்கள் சங்கத்தின் முகவரிப் புத்தகத்தில் ரொறன்ரோ இருக்கிறது, லண்டன் இருக்கிறது, மெல்பேண் இருக்கிறது. புத்தளம் இல்லை. 1990இல் இடாப்பில் பெயர் இருந்தும் பதில் வராத நால்வரும், அவர்களைப் போல மற்ற வகுப்புகளில் இருந்தவர்களும், எங்கள் பழைய மாணவிகள். அவர்களும் இப்போது நாற்பது ஐம்பது வயதுக்காரர், பிள்ளை குட்டிக்காரர். ரீச்சருக்கு அந்த நான்கு பெயரும் மனப்பாடம். எருக்கலம்பிட்டியில் சமைத்துத் தந்த பெண்கள் தேடித் தர உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது, உங்கள் வகுப்பில் அப்படி யாராவது இருந்திருந்தால், பெயரையும் ஆண்டையும் எழுதிச் செயலாளருக்கு அனுப்புங்கள். அடுத்த பெப்ரவரிப் பேருந்தில் அவர்களுக்கு இடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.